ஒரு நாள் விட்டதும் எல்லாமே நின்றுவிடுகிறது: ஆப்பா, நோட்டா?

கட்டம்_7:
ஹேபிட் டிராக்கர் ஆப்பில் 9 பழக்கம் போட்டிருக்கேன். 20 நாள் வரை டிக் ஒழுங்கா விழுது. ஒரு நாள் விட்டா எண்ணிக்கை 0-க்குப் போயிடுது, அதோட ஆப்பைத் திறக்கவே மனசு வரலை. நோட்டுக்கு மாறலாமா? 21 நாளில் பழகிடும்ங்கிறது சரியா?

மைக்கூடு:
21 நாள் கணக்கை மறந்துடுங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரிடம் நடத்திய ஆய்வில், செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன நாட்களின் நடுமதிப்பு 66. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18-லிருந்து 254 வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கு. ஆக, 0-க்குத் திரும்புவது ஆப்போட கணக்குதான், உங்க பழக்கத்தோடது இல்லை.

9 வேண்டாம், 3 போதும். ஒவ்வொண்ணுக்கும் எதுக்கு அப்புறம் செய்யணும்னு எழுதுங்க: "பல் தேய்ச்சதும் 10 நிமிஷம் நடை". "தினமும் உடற்பயிற்சி"ன்னு எழுதினா ராத்திரி டிக் போடும்போது செஞ்சோமா இல்லையான்னு நமக்கே தெரியாது.

நாலுகோடு:
நோட்டுன்னா ஒரு சின்ன விஷயம். 5 மிமீ கட்டம் போட்ட ஏ5 நோட்டில் தேதியைக் குறுக்கே எழுதினா 31 நாளுக்கு 155 மிமீ வேணும். தாளின் அகலமே 148 மிமீதான். மாசக் கடைசியில் இடம் பத்தாமல் முழிக்கணும். அதனால் தேதியை மேலிருந்து கீழே எழுதி, பழக்கங்களைக் குறுக்கே வைங்க.

குறிகள்: முழுசா செஞ்சா பெருக்கல் குறி, குறைந்தபட்ச அளவு மட்டும் (2 நிமிஷமாவது) செஞ்சா ஒரு சாய்கோடு, செய்யலைன்னா 0. இந்த 0 ரொம்ப முக்கியம். கட்டத்தை வெறுமனே விட்டா, செய்யலையா இல்லை குறிக்க மறந்தோமான்னு நாலு நாள் கழிச்சுப் பார்த்தா புரியாது. அப்புறம் குத்துமதிப்பா நிரப்ப ஆரம்பிப்போம், அட்டவணை அங்கேயே பாழ்.

எக்செல்_பித்தன்:
ஸ்ப்ரெட்ஷீட்டில் செய்தால் 1 அல்லது 0 போட்டு, கடைசி 28 நாளுக்கு ஆவரேஜ் எடுங்கள். 30 ஏன் இல்லை என்றால், 28-ல் சரியாக 4 வாரம். எல்லாக் கிழமையும் சமமாக வரும். 25 நாள் செய்திருந்தால் 89%. மறுநாள் விட்டாலும் அது அதிகபட்சம் 3.6 புள்ளிதான் இறங்கும், 0 ஆகாது.

ஸ்ப்ரெட்ஷீட்டின் ஆவரேஜ் ஃபார்முலா வெற்றுக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காது. காய்ச்சல் நாளை வெறுமையாக விட அது வசதி. சோம்பல் நாளையும் அப்படி விட்டால் சதவீதம் பொய் சொல்லும்.

நள்ளிரவு தாண்டித் தூங்குபவர்கள் நாள் மாறும் நேரத்தை விடியற்காலை 3 மணி என்று வைத்துக்கொள்ளலாம். சில ஆப்களில் இந்த செட்டிங் உண்டு.

கட்டம்_7:
நன்றி. "படுக்கையில் போன் பார்க்காமல் இருப்பது" மாதிரி விடவேண்டிய பழக்கத்தை எப்போ குறிக்கிறது? ராத்திரி குறிக்கவே போனை எடுக்க வேண்டியிருக்கே!

நாலுகோடு:
காலையில் எழுந்ததும் முந்தின ராத்திரிக்குக் குறிங்க, தாளில்தான். தலையணைப் பக்கத்தில் நோட்டும் பேனாவும், சார்ஜர் வேற அறையில்.