புரினுக்கு உளி வேண்டாம், கொழு ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம். செப்புத் தகட்டில் படம் பொறித்து அச்செடுக்கும் கலையின் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பட்டியலில் இப்படி ஒரு பரிந்துரை வந்திருக்கிறது:

> புரின் – செதுக்குளி. டிரைபாயின்ட் ஊசி – எழுத்தாணி

இரண்டாவதில் எனக்குச் சிறு திருத்தம் மட்டுமே உண்டு. முதலாவதை ஏற்க மனம் வரவில்லை. உளி என்றாலே கூடவே சுத்தியலும் நினைவுக்கு வந்துவிடும். புரினை யாரும் தட்டுவதில்லை.

அது சதுரமாகவோ சாய்சதுரமாகவோ பட்டையடித்த எஃகுக் கம்பி. நுனியை ஏறத்தாழ 45 பாகை சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். குமிழ் வடிவ மரப்பிடியின் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவிவிடுவது வழக்கம். அப்போதுதான் கருவி தகட்டை ஒட்டிப் படிந்து போகும். குமிழ் உள்ளங்கையில் அமர, ஆள்காட்டி விரல் கம்பியின்மேல் நீண்டிருக்க, கை முன்னோக்கித் தள்ளுகிறது. நுனிக்கு முன்னால் செம்பு சுருண்டு எழுகிறது. வளைகோடு வேண்டுமென்றால், மணல் அடைத்த தோல் திண்டின்மேல் தகட்டையே திருப்புவார்கள். அழுத்தினால் கோடு ஆழ்ந்து அகலும். தளர்த்தினால் மயிரிழையாக முடியும். பிரான்ஸின் குளோத் மெல்லான் 1649-இல் ஏசுவின் முகத்தை, மூக்கு நுனியில் தொடங்கிச் சுழன்று விரியும் ஒரே கோட்டில் பொறித்தார். அதிலுள்ள நிழல் முழுவதும் அந்தக் கோட்டின் தடிப்பும் மெலிவும்தான்.

மண்ணைப் புரட்டிக்கொண்டே முன்னேறும் ஏர்க்கொழுவின் வேலையும் இதுவே. எனவே 'வரிக்கொழு' என்று முன்மொழிகிறேன். கொழு என்பது தோல் தைப்பவரின் கருவிக்கும் பெயராயிற்றே என்று புலவர்கள் கேட்கலாம். கொழுச் சென்ற வழியில் துன்னூசி (தைக்கும் ஊசி) செல்லும் என்ற பழைய உரைகாரர் உவமை எனக்கும் தெரியும். அதுவும் உள்ளங்கையில் அடங்கும் கைக்கருவிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்!

டிரைபாயின்ட் ஊசியைப் பேனாபோல் பிடித்து இழுக்கிறார்கள். அது உலோகத்தை அகற்றாது. கீறி இருபுறமும் ஒதுக்கிவிடும். பனையோலையில் எழுத்தாணி செய்வதற்கு இது நெருக்கம்தான். அங்கும் கீறலில் கரி தங்கித்தான் எழுத்து தெரிகிறது. ஆனால் எழுத்தாணி என்றே வைத்தால் ஓலைச்சுவடி ஆய்வாளர்கள் நம்மை விடமாட்டார்கள். 'கீறாணி' போதும். எச்சிங் ஊசிக்கு இப்பெயரைத் தரவேண்டாம். அது தகட்டின்மேல் பூசிய மெழுகுப் பூச்சை விலக்குவதோடு சரி, செம்பை அரிப்பது அமிலம்.

கோட்டின் ஓரத்தில் எழும்பி நிற்கும் உலோகத்துக்குப் 'பிசிர்' என்ற நம் பட்டறைச் சொல்லே இருக்கிறது. வரிக்கொழு வேலையில் பிசிரை முப்பட்டைச் சுரண்டியால் வழித்துவிடுவார்கள். கீறாணி வேலையில் அதை விட்டுவைப்பார்கள்; மையைப் பிடித்துக்கொண்டு அச்சில் வெல்வெட் போன்ற கருமை தருவது அந்தப் பிசிர்தான். 1653-இல் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் செய்த 'மூன்று சிலுவைகள்' படத்தின் இருட்டைப் பாருங்கள். அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் பிசிர் விரைவில் நசுங்கிவிடுவதால் நல்ல படிகள் கொஞ்சமே கிடைக்கும். ஆகவே 'உலோகக் கழிவு' என்று ஒருவர் பட்டியலில் எழுதியிருப்பதை நீக்கிவிடலாம்.

தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் பர்னிஷருக்கு 'மெருகுக்கோல்' பொருந்தும். பளபளப்பாக்குவதோடு, தவறிய கோட்டை அழுத்தி மூடவும் அதுவே உதவுகிறது என்பதை விளக்கத்தில் சேர்க்க வேண்டும்.

மெசோடின்ட் என்ற பொறிப்பு முறையில் பயன்படும் ராக்கருக்குப் பரிந்துரையாக வந்த 'தொட்டில்' எனக்குப் பிடிக்கவில்லை. வளைந்த அலகில் வரிசையாகப் பற்கள் கொண்டு, அசைத்து அசைத்துத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கும் கருவி அது. பெயரில் பல் இருந்தாக வேண்டும். அசைப்பையும் சேர்த்து யாரேனும் ஒன்று சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் ராக்கர் என்றே இருக்கட்டும்.