கெம்ப்பரை வெளியே விட்டது சிறையா, மருத்துவமனையா?

கூர்வாள்:
தொடர்கொலையாளிகளை மனதில் வைத்துச் சிறைகளை நடத்தக் கூடாதாம். குற்றவியல் படித்த தராசு நேற்று எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் எட்மண்ட் கெம்ப்பர் 1964-இல், 15 வயதில் தாத்தா பாட்டியைச் சுட்டுக் கொன்றான். திருந்திவிட்டான் என்று 1969-இல் சிறையிலிருந்து விட்டார்கள். அதன்பின் எட்டுக் கொலை. பெற்ற தாயும் அதில் ஒருத்தி. இதுதானே உங்கள் சீர்திருத்தம்?

தராசு:
சிறையிலிருந்து விடவில்லை. அடாஸ்கடேரோ மனநல மருத்துவமனையிலிருந்து விட்டார்கள். அடிப்படையே தப்பு.

கூர்வாள்:
பூட்டி, காவல் போட்டு வைத்தால் அது சிறை. போர்டில் என்ன எழுதியிருந்தால் என்ன?

தராசு:
விஷயமே அதுதான். அங்கே அவன் மருத்துவர்களுக்கு உதவியாளாக இருந்து மற்றவர்களுக்கு உளவியல் தேர்வு நடத்தியவன். எந்தப் பதிலுக்கு டாக்டர் தலையாட்டுவார் என்று கற்றுக்கொண்டான். ஏமாந்தது மதிப்பீட்டு முறை. அதற்காகத் திருட்டு வழக்கில் உள்ளே இருப்பவனுக்குத் தொழில் கற்றுத்தரக் கூடாதா? பதினொரு வருடம் சிறைக்குள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருவர் மகள் எழுதிய கடிதத்தை ஆறு மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார், படிக்கத் தெரியாது. மடித்த இடமெல்லாம் கிழிந்த பிறகுதான் எழுத்துக்கூட்டி வாசித்தார். அவரும் கெம்ப்பரும் ஒன்றா?

மழைக்குருவி:
தொடர்கொலை என்றால் எத்தனை கொலை? 1998 அமெரிக்கச் சட்டம் மூன்று என்கிறது. எஃப்பிஐ 2005-இல் கூட்டிய மாநாட்டில் இரண்டே போதும் என்றார்கள். முதலில் அதை...

கூர்வாள்:
எண்ணிக்கை கிடக்கட்டும். அது சிறைதான்.

பழையபேனா:
ஆஸ்திரியாவின் ஜாக் உண்டர்வேகருக்கு வாருங்கள். கொலைக்கு ஆயுள் தண்டனை. உள்ளே எழுத்தாளன் ஆனான். திருந்திய கைதி என்று கொண்டாடி 1990-இல் விட்டார்கள். 1994-இல் மேலும் ஒன்பது கொலைகளில் குற்றவாளி என்று தீர்ப்பு. அதுவும் மருத்துவமனையா தராசு?

தராசு:
அவனை வெளியே கொண்டுவந்தது எழுத்துக்குக் கிடைத்த புகழ். நார்வேயைப் பாருங்கள். ஆபத்தான குற்றவாளிக்குத் தடுப்புக் காவல் என்ற தண்டனை உண்டு, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம். 2010-இல் திறந்த ஹால்டன் சிறையும் அதே நாட்டில்தான், கைதிகளுக்குத் தச்சுப் பட்டறைகூட உண்டு. ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இரண்டும் முடியும். கெம்ப்பர் விஷயத்தில் பிரித்துப் பார்க்கத் தவறியது மருத்துவமனை.

பழையபேனா:
கேட்டதற்குப் பதில் இல்லை. தூக்குத்தண்டனை பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

தராசு:
அந்த இழையில் என்னைக் கைதிகளின் வக்கீல் என்றவர் நீங்கள். மறக்கவில்லை. அன்று காட்டிய தரவு ஒன்றையாவது படித்தீர்களா?

கூர்வாள்:
கைதியின் கடிதத்துக்கு உருகுகிறீர்கள். கெம்ப்பர் கொன்றதில் ஆறு பேர் மாணவிகள். அந்த வீடுகளைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

தராசு:
அப்படி இன்னொரு வீடு அழக்கூடாது என்றுதான் பேசுகிறேன் தம்பி. எங்கே கோட்டைவிட்டார்கள் என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

கூர்வாள்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். எனக்கு 58 வயது.

மழைக்குருவி:
இரண்டா மூன்றா என்று யாராவது சொல்வீர்களா?

தராசு:
வயது எதுவானாலும் அடாஸ்கடேரோ மருத்துவமனைதான்.

கூர்வாள்:
பூட்டியிருந்ததா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.