சாயத் தண்ணீருக்கு என்சைம் பவுடர் வாங்கலாமா?

அம்மாபேட்டை_நூல்:
எங்கள் சாயப்பட்டறைக்கு ஒருவர் வந்து, இந்த என்சைம் பவுடரைத் தொட்டியில் போட்டால் நிறம் மட்டுமில்லை, மருந்து எச்சம் வரைக்கும் எல்லாம் போய்விடும் என்கிறார். டம்ளரில் போட்டும் காட்டினார், சிவப்பு நிஜமாகவே வெளுத்தது. பாக்கெட்டில் லாக்கேஸ் என்று இருக்கிறது. விலைதான் மிரட்டுகிறது. வாங்கலாமா?

லேப்_பக்கம்:
வெளுத்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள் அண்ணா. ஆசோ என்கிற சாய வகைக்கு நிறமே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் சேர்கிற பிணைப்பால்தான். காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியாவின் ஆசோரிடக்டேஸ் என்சைம் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும், ஆனால் உடைந்த துண்டுகளான அரோமேட்டிக் அமீன்கள் அப்படியே கிடக்கும், அதில் சிலது புற்றுநோய் வரவைப்பவை. பிறகு காற்று ஊதுகிற தொட்டியும் இருந்தால்தான் வேறு பாக்டீரியா அவற்றைக் கவனிக்கும்.

ஏற்காடு_காளான்:
லாக்கேஸ் வேறு வழி. சிப்பிக் காளான் வைக்கோலுக்கு விறைப்பு தரும் லிக்னினை உடைக்கச் சுரப்பதும் இதைத்தான். நான்கு செம்பு அணுக்கள் வைத்திருக்கும். சாயத்திலிருந்தோ டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்திலிருந்தோ எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் தள்ளும், அது தண்ணீராகிவிடும். பெராக்சிடேஸ் என்கிற இன்னொரு என்சைம் மாதிரி ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டியதில்லை. ஆனால் எல்லாம் போகும் என்பது புருடா. வலிப்பு மருந்து கார்பமாசெபினைத் தனியாக இது பெரிதாக அசைக்காது. காளான் லாக்கேஸுக்குப் பெரும்பாலும் அமிலத் தண்ணீர்தான் ஒத்துவரும், உங்களுடையது ரியாக்டிவ் சாயம் என்றால் சோடாவோடு காரமாகத்தானே வரும்?

லேப்_பக்கம்:
அதோடு, சும்மா கொட்டிய பவுடர் தண்ணீரோடு சேர்ந்து திருமணிமுத்தாற்றுக்குப் போய்விடும். மணிகளிலோ சவ்விலோ ஒட்டவைத்தால்தான் திரும்பத் திரும்ப உதவும். ஊர்ச் சாக்கடை நிலையங்களில் பவுடரே வேண்டாம். ஸ்லட்ஜை, அதாவது பாக்டீரியா நிறைந்த சேற்றை, நிறைய நாள் தங்கவிட்டால் மெதுவாக வளரும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா நிலைத்துவிடும், அம்மோனியாவை மாற்ற அவை வைத்திருக்கும் மோனோஆக்சிஜனேஸ் என்சைம் சில ஹார்மோன் எச்சங்களையும் போகிற போக்கில் மாற்றிவிடும். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருப்பதைத் தின்று எதுவும் உயிர் வாழாது, அதனால் இந்தப் போகிற போக்குதான் முக்கியம். அப்படியும் மிச்சமிருக்கும். சுவிட்சர்லாந்தில் 2016 முதல் பெரிய நிலையங்களில் ஓசோனோ ஆக்டிவேட்டட் கார்பனோ சேர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

அம்மாபேட்டை_நூல்:
ரியாக்டிவ்தான், பிஎச் 10க்கு மேல் வரும். அமிலம் ஊற்றி இறக்கிவிட்டால்?

ஏற்காடு_காளான்:
சாயத்துக்குப் போடுவது சாதா உப்பா, கிளாபர் உப்பா (சோடியம் சல்பேட்)? சாதா உப்பென்றால் பிஎச் இறங்கினாலும் குளோரைடு லாக்கேஸை அமுக்கிவிடும். உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு, முன்னும் பின்னும் சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம்.