வளைந்த கோட்டோடு ஷேடிங்கும் வளைய வேண்டும்: அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வரைகலை மென்பொருளில் என்ன வழி?

கேபிள்கோடு:
எஸ் வடிவில் வளையும் ஒரு கேபிள், ஸ்ட்ரோக் (கோட்டின் தடிமன்) 24 பாயிண்ட். ஓரம் கருநீலம், நடுவில் வெளிர்நீலமாக, உருண்டையாகத் தெரிய வேண்டும். சாதாரண லீனியர் கிரேடியன்ட் (நேர்கோட்டில் படிப்படியாக மாறும் நிறம்) கொடுத்தால் கோடு எப்படி வளைந்தாலும் நிறம் இடமிருந்து வலமாக நேரே ஓடுகிறது. கிரேடியன்ட் பேனலில் 'அக்ராஸ் ஸ்ட்ரோக்' தேர்ந்தால் வளைவோடு போகிறது. ஆனால் ஒளி மேல் இடது மூலையிலிருந்து வருவதாகக் காட்ட ஹைலைட்டை (வெளிச்சமான பட்டையை) ஒரு பக்கம் தள்ளினால், மேல் வளைவில் மேற்புறம் இருப்பது நடுப்பகுதியில் கீழ்ப்புறம் போய்விடுகிறது. இறுக்கமாகத் திரும்பும் இடத்தில் உள்பக்கம் ஒரு சுருக்கமும் விழுகிறது. கடைசியில் இது எஸ்விஜியாகவும் (வலைப்பக்கத்தில் போடும் வெக்டர் படக் கோப்பு) வேண்டும்.

பாதைப்பித்தன்:
சிஎஸ்6 பதிப்பிலிருந்து ஸ்ட்ரோக் கிரேடியன்ட்டுக்கு மூன்று வகை உண்டு. 'விதின்' முழு வடிவத்தின் மேலும் ஒரே கிரேடியன்ட்டைப் போர்த்துகிறது. 'அலாங்' கோட்டின் நீளவாக்கில் நிறம் மாற்றுகிறது. 'அக்ராஸ்' குறுக்குவாக்கில். உங்களுக்கு வந்திருப்பது பிழை அல்ல. அக்ராஸுக்குப் பாதையின் (வரைந்த கோட்டின்) இடப்பக்கம், வலப்பக்கம் மட்டுமே தெரியும். விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. எஸ்ஸில் பயணத் திசை மாறும்போது 'இடப்பக்கம்' மேலிருந்து கீழே போய்விடும். ஹைலைட் நடுவில் இருக்கும்வரை அது நன்றாக வேலை செய்யும், ஒரு பக்கம் நகர்த்தினால் உதவாது.

இதற்கு பிளெண்ட்தான் (கோடுகளுக்கு இடையே படிப்படியாக மாறும் இடைக்கோடுகளை நிரப்பும் வசதி) சரி. ஒரே பாதையை நான்கு பிரதியாக ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்: கன்ட்ரோல்+சி, பிறகு மூன்று முறை கன்ட்ரோல்+எஃப் (அதே இடத்தில் மேலே ஒட்டும்). அடியிலிருந்து மேலாக தடிமன் 24, 19, 12, 2 பாயிண்ட். நிறம் இப்படி (ஆர், ஜி, பி என்பது சிவப்பு, பச்சை, நீலம்):

24: ஆர் 18, ஜி 40, பி 90
19: ஆர் 109, ஜி 139, பி 183
12: ஆர் 150, ஜி 184, பி 225
2: ஆர் 170, ஜி 205, பி 245

ஏன் நான்கு? தடித்த கருங்கோடு, மெல்லிய வெளிர்கோடு என்று இரண்டை மட்டும் பிளெண்ட் செய்தால் நிறம் ஒரே சீராக ஏறும். அது குழாய் மாதிரித் தெரியாது, கூரை முகடு மாதிரித் தெரியும். உருளையில் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாதி தூரம் போன பிறகும் வெளிச்சம் சுமார் 87% இருக்கும்; 80% தூரத்தில் 60%; அதற்குப் பிறகுதான் சட்டென்று இருள்கிறது. மேலே உள்ள எண்கள் அந்தக் கணக்கில் வந்தவை.

அடுத்தது ஒளித்திசை. அடிக்கோட்டைத் தொடாதீர்கள். மற்ற மூன்றையும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எம் அழுத்தி இடப்பக்கமும் மேலும் நகர்த்துங்கள்: 19-ஐ 0.7, 12-ஐ 1.6, 2-ஐ 3 பாயிண்ட். கிடைமட்டம், செங்குத்து இரண்டு கட்டத்திலும் மைனஸ் மதிப்பு. இனி எஸ் எங்கே திரும்பினாலும் ஹைலைட் விளக்குப் பக்கமே நிற்கும்.

நான்கையும் தேர்ந்து ஆல்ட்+கன்ட்ரோல்+பி. பிளெண்ட் டூலை இரட்டைக் கிளிக் செய்து 'ஸ்பெசிஃபைட் ஸ்டெப்ஸ்' 15. மிக அகலமான இடைவெளிகூட, நகர்வையும் சேர்த்து, ஒரு படிக்குச் சுமார் 0.44 பாயிண்ட்தான், அதனால் 300% பெரிதாக்கினாலும் பட்டை தெரியாது. முனைகளுக்கு ரவுண்ட் கேப் (உருண்ட முனை). வளைவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிறகு ஒரு பிரதியில் மட்டும் ஆங்கர் பாயிண்ட்டைச் (பாதையின் வடிவைப் பிடித்திருக்கும் புள்ளியை) சேர்த்தாலோ நீக்கினாலோ இடைக்கோடுகள் முறுக்கிக்கொள்ளும்.

மைக்கோல்:
சுருக்கத்துக்குக் காரணம் வெறும் வடிவியல். 24 பாயிண்ட் கோட்டின் பாதி 12. வளைவின் ஆரம் 12 பாயிண்ட்டுக்குக் கீழே போனால் உள் ஓரம் தன்மேலேயே மடிகிறது, அக்ராஸ் அந்த மடிப்பையும் சேர்த்து வரைந்துவிடுகிறது. பிளெண்டில் ஒவ்வொரு படியும் ஒரே நிறமுள்ள சாதாரணக் கோடு என்பதால் மடிப்பு வண்ணத்துக்குள் மறைந்துவிடும். கிரேடியன்ட் மெஷ் (வலைபோன்ற புள்ளிகளில் நிறம் கொடுக்கும் முறை) பக்கம் போகாதீர்கள், கேபிளுக்கு அது வீண் உழைப்பு.

ஒரு எச்சரிக்கை: கேபிள் தன்னைத்தானே குறுக்கே கடந்தால், பிளெண்ட் அந்த இடத்தை மேல்-கீழாகக் காட்டாது. ஒவ்வொரு படியும் முழுப் பாதையாக வரையப்படுவதால் இரண்டு ஹைலைட்டும் ஒன்றில் ஒன்று கலந்து, நான்குமுனைக் குழாய் இணைப்பு போலாகிவிடும். பிரதி எடுப்பதற்கு முன்பே சிசர்ஸ் டூலால் பாதையை இரண்டாக வெட்டி, இரண்டு பிளெண்டாகச் செய்து ஒன்றை மேலே வையுங்கள். கடக்கும் இடத்தில் வெட்டாதீர்கள். பாதை அந்த இடத்தை முதல்முறை கடப்பதற்கும் இரண்டாம்முறை கடப்பதற்கும் நடுவே, பாதை ஒளித்திசைக்குச் செங்குத்தாக ஓடும் இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். வேறு இடமென்றால் நகர்த்திய 3 பாயிண்ட் அளவுக்கு ஒட்டுப்போட்டது தெரியும். வெட்டிய இரண்டு பாதைகளுக்கும் ரவுண்டுக்குப் பதில் பட் கேப் (தட்டையான முனை).

எஸ்விஜிஆள்:
எஸ்விஜி 1.1-ல் லீனியர், ரேடியல் இரண்டுதான். அலாங்கும் அக்ராஸும் அந்த மொழியிலேயே இல்லை. பிளெண்டை 'எக்ஸ்பாண்ட்' செய்து (தனித்தனிப் பாதைகளாகப் பிரித்து) ஏற்றுமதி செய்தால் 49 பாதைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே ஆயத்தொலைவுகள் திரும்பத் திரும்ப. கையால் எழுதத் தயங்காவிட்டால் பாதையை 'டெஃப்ஸ்' (வரையாமல் சேமித்துவைக்கும் பகுதி) உள்ளே ஒருமுறை மட்டும் எழுதி, 'யூஸ்' எலிமென்ட்டால் 10, 12 முறை அழையுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் ஸ்ட்ரோக் நிறம், தடிமன், எக்ஸ், ஒய் நகர்வு மட்டும் மாறும். மூலப் பாதையில் ஸ்ட்ரோக் மதிப்பு எதையும் எழுதிவைக்கக் கூடாது. எழுதினால் யூஸில் கொடுப்பது எடுபடாது. வலைப்பக்கத்தில் சின்ன அளவில் காட்ட 12 படி போதும்.

இங்க்ஸ்கேப்பில் (இலவச வெக்டர் மென்பொருள்) செய்பவர்களுக்கு: எக்ஸ்டென்ஷன்ஸ் > ஜெனரேட் ஃப்ரம் பாத் > இன்டர்பொலேட். 'இன்டர்பொலேட் ஸ்டைல்' டிக் இல்லையென்றால் தடிமனும் நிறமும் மாறாது. பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். அங்கே உள்ள மெஷ் கிரேடியன்ட்டை பிரவுசர்கள் நேரடியாக வரைவதில்லை.

கேபிள்கோடு:
பிளெண்ட் சரியாக வந்தது, நன்றி. ஆனால் முழுதையும் பாதி அளவுக்குச் சுருக்கினால் எஸ் சிறிதாகிறது, கேபிளின் தடிமன் மட்டும் 24-லேயே நிற்கிறது. ஹைலைட்டும் நடுவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

பாதைப்பித்தன்:
பிரிஃபரன்ஸஸ் > ஜெனரலில் 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' அணைந்திருக்கிறது. 3 பாயிண்ட் நகர்வு 1.5 ஆகிவிட்டது, தடிமன் அப்படியே நின்றது, அதனால்தான் ஹைலைட் நடுவுக்கு வந்தது. அன்டூ செய்து, அதை இயக்கிவிட்டு மறுபடி சுருக்குங்கள்.