"எதிர்த்துப் பேசாதே" என்று வளரும் பிள்ளைகளுக்குக் கருத்து எழுதக் கற்றுக்கொடுத்த அனுபவம்

மன்னார்குடி பக்கத்திலிருந்து, தொடக்கப் பள்ளி ஆசிரியை:

சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தைக் கேட்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது இரண்டு ஆசிரியர் பள்ளி. நான் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன், மொத்தம் 19 பிள்ளைகள். போன வருடம் 'கைப்பேசி நன்மையா, தீமையா' என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னேன். 19 நோட்டிலும் தீமை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் அழகாக இருந்தன. 'கைப்பேசி நாட்டின் முன்னேற்றத்திற்குத் தடையாக உள்ளது' என்ற வரி மட்டும் ஆறு நோட்டில் இருந்தது. திருத்தி முடித்துவிட்டு, "நிஜமாவே போன் வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. "அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெண், "டீச்சருக்கு அதானே புடிக்கும்" என்றாள்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் பொய் எழுதினார்கள் என்பதால் அல்ல. அப்படி எழுதினால்தான் மதிப்பெண் என்று நான்தான் பழக்கியிருக்கிறேன்.

அதன்பிறகு தை மாதம் வந்தது, சம்பா அறுவடை. இப்போது எங்கும் மெஷின் அறுப்புதான், நெல் ஈரமாகத்தான் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான அளவு, அதைத் தாண்டினால் மூட்டை திரும்பி வரும். ஊர்க் களம் எல்லாருக்கும் பத்தாது. பாதி நெல் ரோட்டில் காயும், மீதி எங்கள் பள்ளி மைதானத்தில் காயும். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் இடைவேளையில் இரண்டு பையன்களுக்குள் சண்டை.

"நம்ம கிரவுண்டுல எதுக்குடா நெல்லக் கொட்டுறாங்க?"

"ரோட்டுல கொட்டுனா பஸ்சு ஏத்திட்டுப் போவுதுல்ல?"

"அதுக்கு? நாம எங்க வெளயாடுறது?"

"ஈரமா இருந்தா எடுக்க மாட்டாங்கடா. எங்க அப்பா ரெண்டு ராத்திரி மூட்டைகிட்டயே படுத்துக் கெடந்தாரு, தெரியுமா?"

நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் கருத்து, காரணம், கண்ணால் கண்ட சான்று, எதிர்வாதம் என்று எல்லாமே வந்துவிட்டன. இதே பையனை 'நான் விரும்பும் விளையாட்டு' பற்றி எழுதச் சொன்னால் இரண்டு வரி எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வாதம் பண்ணத் தெரியாத பிள்ளை என்று யாருமே இல்லை. வாயில் வரும் தமிழ் நோட்டில் வர மறுக்கிறது, அவ்வளவுதான். 'ஏன்னா' என்று சொல்லும்போது ஓடுகிற சிந்தனை, 'ஏனெனில்' என்று எழுதச் சொன்னதும் நின்றுவிடுகிறது.

அதனால் முதல் தடவை எழுதும்போது 'ஏன்னா' என்றே எழுதட்டும் என்று விட்டேன். சிவப்பு மை கிடையாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன், ஆளுக்கு மூன்று கொடுத்தேன். ஒன்றில் என்ன வேண்டும், இன்னொன்றில் ஏன் வேண்டும், மூன்றாவதில் நீயே பார்த்தது அல்லது எண்ணியது. மூன்றாவது தாள் வெகுநேரம் வெறுமையாகவே இருந்தது. 'ரொம்ப நாளா விளையாடவே இல்லை' என்று ஒருத்தி எழுதினாள். எத்தனை நாள் என்று கேட்டேன், தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்து, எந்தெந்த நாளில் நெல் கிடந்தது என்று எல்லாரும் சேர்ந்து நினைவுபடுத்திப் பார்க்கச் சொன்னேன். அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு 9 நாள் என்று முடிவுக்கு வந்தார்கள். 'ரொம்ப நாள்' என்பதை அவளே அடித்துவிட்டு '9 நாள்' என்று எழுதினாள். இந்தப் பாடத்தில் நான் அதிகம் சந்தோஷப்பட்ட இடம் அதுதான்.

யாருக்கு எழுதுவது? இதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. மைதானத்தில் நெல் காயப் போடுகிறவர்கள் வேறு யாரோ இல்லை. இவர்களுடைய அப்பா, பெரியப்பா, மாமாதான். விஷயம் ஊருக்குள் பரவியதும் ஒரு பாட்டி பள்ளி வாசலுக்கே வந்து, "புள்ளைங்கள வாயாடியா ஆக்கிப்புடாத தாயி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்து சொன்னார். அந்தப் பயத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. பெரியவர்களுக்கு எதிராகப் பேசுவது நம் வீடுகளில் மரியாதைக் குறைவுதானே.

அப்போதுதான் வரிசையை மாற்றிச் சொன்னேன். நீ கேட்கப் போவதை முதலில் எழுத வேண்டாம். அவர் பக்கத்து நியாயத்தை முதலில் எழுது, அதுவும் அவரே படித்து 'சரியாச் சொன்ன' என்று தலையாட்டும்படி எழுது. அதற்குப் பிறகு 'ஆனால்' போடு. நெல் காயப் போடும் வீட்டுப் பையனே ஒருவன், அன்றைக்குச் சண்டை போட்டவன்தான், இப்படி எழுதினான். இரண்டாம் தடவை எழுதியதை, எழுத்துப் பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன்:

"பெரியப்பாவுக்கு வணக்கம். நெல் ஈரமாக இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போன வருடம் நம் நெல்லையும் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். அதனால் நெல் காய இடம் வேண்டும். ஆனால் பள்ளி நடக்கும் நாளில் மைதானம் முழுவதும் நெல் கிடந்தால் நாங்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். இந்த மாதம் 9 நாள் அப்படி இருந்தோம். சுணை பட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால் அரிக்கிறது. வேப்பமரத்துக்கு மேற்கே எங்களுக்கு விடுங்கள். கிழக்கே நீங்கள் காயப் போடுங்கள். சனி, ஞாயிறு மைதானம் முழுவதும் உங்களுக்கு. மழை வந்தால் நாங்களும் ஓடி வந்து படுதா போடுகிறோம்."

கடைசி வரியை நான் சொல்லித்தரவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவனே போய் வாசித்துக் காட்டினான். பெரியப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "மத்தியானத்துக்கு மேல மரத்து நெழலு கெழக்கதானே விழும்? அங்க போட்டா நெல்லு எப்படிடா காயும்?" என்றாராம். மறுநாள் காலை அவன் வாடிய முகத்தோடு வந்து சொன்னான். பிள்ளைகள் எல்லாரும் மதியம் மூன்று மணிக்கு வெளியே போய் நிழலைக் காலடி வைத்து அளந்தார்கள். பெரியப்பா சொன்னது சரி. மேற்கை அழித்துக் கிழக்கு என்று எழுதினார்கள், நிழலில் விளையாடினால் தங்களுக்கும் நல்லதுதான் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வாரமே கிழக்குப் பாதி கிடைத்துவிட்டது. 'திருத்தி எழுது' என்று நான் பத்து வருடமாகச் சொல்லிவருகிறேன், ஒரு பிள்ளைகூட இஷ்டப்பட்டுத் திருத்தியதில்லை. பதில் சொல்ல ஒருவர் எதிரே இருந்ததும் தாங்களாகவே திருத்தினார்கள்.

உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

பூம்புகார் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

அந்தப் பாட்டியின் பயம் எனக்குப் புதிதல்ல அம்மா. நான் வேலைபார்த்த காலத்திலும் இதே பேச்சுத்தான். ஆனால் வாதம் பண்ணுவது நம் மண்ணுக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிமேகலையில், இந்திர விழாவுக்காக இதே புகார் நகரத்தில் முரசறைந்து சொல்லும் இடம் ஒன்று வருகிறது. தெருவைச் சுத்தம் செய்யுங்கள், பூரண கும்பம் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, சமயவாதிகளே பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று அழைக்கிறார்கள். அதோடு விடாமல், பகைவர்களே எதிரில் இருந்தாலும் கோபமும் பூசலும் செய்யாமல் விலகிப் போங்கள் என்றும் சொல்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால் முணுமுணுப்பு அடங்கிவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். காலையில் ஒரு பக்கம் பேசிய பிள்ளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபக்கம் பேச வேண்டும். முதலில் அழுவார்கள். 'நான் அப்படி நினைக்கலையே சார்' என்பார்கள். எதிராளி எப்படி நினைப்பான் என்று பார், அது போதும் என்பேன். ஒரு மாணவன், ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் பிள்ளைகளை இறங்க விடலாமா என்ற தலைப்பில், காலையில் விடலாம் என்று கத்திப் பேசியவன், மதியம் வேண்டாம் என்று பேச எழுந்து, தன் ஊரில் ஒரு பிள்ளை சுழலில் போனதைச் சொன்னான். வகுப்பே அமைதியாகிவிட்டது. காலையில் அவன் அதைச் சொல்லவே இல்லை. தன் கட்சிக்கு உதவாது என்று மறைத்து வைத்திருக்கிறான். பக்கம் மாறிய பிறகுதான் அது வெளியே வந்தது.

பேச்சுப் போட்டிக்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இன்னும் நடக்கிறது. அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கும்பகோணத்திலிருந்து, ஒரு தாய்:

என் அக்கா மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே ஓரியோ பிஸ்கட்டை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேல் பிஸ்கட் கருத்து, நடுவில் இருப்பது காரணமும் உதாரணமும், கீழ் பிஸ்கட் மறுபடியும் அதே கருத்து. 2010-இல் வெளிவந்து அங்கே பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட பாடத் தரநிலைகளில், மழலையர் வகுப்பிலிருந்தே கருத்து எழுதுவது இருக்கிறது. எதிர்த் தரப்பையும் சொல்லி எழுத வேண்டும் என்பது ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. என் மகளுக்கும் அதே முறையில் சொல்லிக்கொடுத்தேன், நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதை அவள் பாட்டிக்குக் கடிதமாக எழுதியபோது, 'எனக்கு நாய்க்குட்டி வேண்டும்' என்று முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டாள். பாட்டி அந்த வரியோடு மூடி வைத்துவிட்டார். டீச்சர் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்கே தப்பு நடந்தது என்று புரிகிறது.

வேதாரண்யத்திலிருந்து, இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர்:

எங்கள் பக்கம் 2018 நவம்பர் 16 அன்று வந்த கஜா புயலில் தென்னந்தோப்புகள் போய்விட்டன. நான் மாலை வகுப்பு எடுக்கும்போது நான்காவது படிக்கும் பையன் ஒருவன் இருந்தான். அவன் தாத்தா காலி நிலத்தில் மறுபடியும் தென்னைதான் வைப்பேன் என்கிறார். பையன், சவுக்குப் போடலாம் என்று எழுதினான். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும், சவுக்கு நாலைந்து வருடத்தில் வெட்டிவிடலாம் என்று காரணம். பக்கத்துத் தோப்பில் விசாரித்து வேறு வந்திருந்தான்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பையனே வாசித்தான். அவர் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதான்டா. ஆனா தென்னை உங்க அப்பாயி வெச்சது" என்று மட்டும் சொன்னார். பையன் என்னிடம் வந்து, இதுக்கு என்ன காரணம் எழுதறது அக்கா என்று கேட்டான். என்னிடமும் பதில் இல்லை. அவர்கள் பாதி நிலத்தில் தென்னை, பாதியில் சவுக்கு வைத்தார்கள். பாடம் என்று பார்த்தால் அது முடியாமலே நிற்கிறது, ஆனாலும் அந்தப் பையன் தாத்தாவிடம் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.

பாபநாசத்திலிருந்து:

நாங்கள் 50 காசு அஞ்சலட்டையில் எழுத வைக்கிறோம். இடம் கொஞ்சம் என்பதால் 'மிகவும்', 'அனைவரும்' எல்லாம் தானாகவே போய்விடுகிறது. செய்து பாருங்கள்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து, ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. கும்பகோணம் சகோதரிக்கு: பிஸ்கட் முறை தப்பில்லை. வகுப்புத் தோழர்களுக்கு எழுதும்போது எங்கள் பிள்ளைகளும் கருத்தைத்தான் முதலில் வைக்கிறார்கள், அங்கே அது எடுபடுகிறது. பெரியவர்களுக்கு என்று வரும்போது அவர்கள் நியாயம் முதலில். ஏழாம் வகுப்பு வரை காத்திருக்க நம் பிள்ளைகளால் முடியாது, ஏனென்றால் அவர்கள் கேட்க வேண்டிய ஆட்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பாட்டிக்கு நாய்க்குட்டியில் என்ன பயம் என்று முதலில் கேட்டு வரச் சொல்லுங்கள், யார் கழுவி விடுவது என்பதாகத்தான் இருக்கும். அதிலிருந்து ஆரம்பித்து எழுதட்டும்.

தலைமை ஆசிரியர் ஐயாவுக்கு: பக்கம் மாற்றிப் பேசும் வழக்கத்தை நாளைக்கே செய்யப் போகிறேன். தலைப்பைப் பிள்ளைகளே கொடுத்துவிட்டார்கள். பள்ளி வாசலுக்கு வந்த அந்தப் பாட்டி, வேப்பமரத்தடியில் ஆடு கட்டிக்கொள்ளக் கேட்கிறார். நிழல் இருக்கும் பாதி இப்போது பிள்ளைகளுடையது இல்லையா, அதனால் என்னிடம் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டிருக்கிறார்.