தண்ணீர் வெளியேறுகிறது, ஆனால் ஸ்பின் ஆகவில்லை: போர்டுதான் காரணமா?

நீலா:
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பத்து நாளாக ஒரே தொல்லை. ஒழுங்காகத் துவைக்கிறது, அலசுகிறது. பிழிய வேண்டிய நேரம் வந்ததும் டிரம் இரண்டு முறை சோம்பலாகப் புரண்டுவிட்டு நின்றுவிடுகிறது. துணியைச் சொட்டச் சொட்டத்தான் வெளியே எடுக்கிறேன். முதலில் உள்ளே தண்ணீரும் தேங்கியிருந்தது. கீழ் மூலையில் இருக்கும் ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் ஒரு நாணயம், இரண்டு ஹேர்பின், எலிக்குட்டி அளவுக்கு ஒரு நூல்பிசிறு உருண்டை! அதையெல்லாம் எடுத்த பிறகு தண்ணீர் போகிறது, ஸ்பின் மட்டும் இல்லை. பார்க்க வந்த டெக்னீஷியன் ஐந்து நிமிடத்தில் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார், அதாவது மெஷினை இயக்கும் எலெக்ட்ரானிக் பலகை. போர்டை மாற்றுவதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியும். மல்டிமீட்டர் கிடையாது.

சும்மா ஒருத்தன்:
ஒரே ஒரு பெரிய டவலோ போர்வையோ போட்டீர்களா? எல்லாக் கனமும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் மெஷின் வேகம் எடுக்காது. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். என் மெஷினும் கெட்டுப்போனதாக நினைத்து நான் ஒரு வாரம் கையால் பிழிந்திருக்கிறேன்.

நீலா:
காலி டிரம்மிலும் ஸ்பின் மட்டும் போட்டுப் பார்த்தேன். அதே கதைதான்.

திருகாணி:
காலி டிரம்மிலும் இப்படி என்றால் துணியைக் குறை சொல்ல முடியாது. துவைக்கும்போது டிரம் இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றுகிறது என்பதால் மோட்டார், பெல்ட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இரண்டு விஷயம் சொல்லுங்கள். டிரம்மைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்றுகிறதா, அரைக்கிற மாதிரி சத்தம் வருகிறதா? அப்புறம், ஸ்பின் மட்டும் போட்டுவிட்டு மெஷின் பக்கத்திலேயே நின்று காதைக் கொடுங்கள். தண்ணீர் முழுவதும் போன பிறகு டிரெயின் பம்ப் சத்தம் என்ன ஆகிறது?

நீலா:
டிரம் இலகுவாகச் சுற்றுகிறது, சத்தம் இல்லை. பம்ப் விஷயம்தான் விசித்திரம். தண்ணீர் போய் முடிந்த பிறகும் அது நிற்கவே இல்லை. வெறும் காற்றை இழுக்கிற மாதிரி கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பல நிமிடம் கழித்து பீப் அடித்து, தண்ணீர் வெளியேறவில்லை என்கிற பிழைக் குறியைக் காட்டுகிறது. தண்ணீர்தான் போய்விட்டதே!

கடைசி பெஞ்ச்:
பம்புக்குள் இருக்கும் விசிறியின் இறகு உடைந்திருந்தாலும் இப்படி ஆகும். சத்தம் வரும், ஆனால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஃபில்டர் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

திருகாணி:
பார்க்க வேண்டியதுதான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலை விடுங்கள். விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றாமல், விட்டு விட்டுத் தாவினால் பயப்படாதீர்கள். உள்ளே காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் சுற்றும். அதைப் பார்த்தே நல்ல பம்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

நீலாவின் மெஷினில் தண்ணீர் நிஜமாகவே போய்விட்டது என்றால் எனக்கு வேறொரு சந்தேகம். மெஷினுக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கண் கிடையாது. வெளித்தொட்டியின் அடியில் ஒரு சின்னக் காற்று அறை இருக்கும். அதிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் மேலே பிரஷர் ஸ்விட்ச் வரை போகும். தண்ணீர் ஏறினால் அந்தக் குழாயில் உள்ள காற்று அழுத்தப்படும், தண்ணீர் இறங்கினால் அழுத்தம் குறையும். மெஷினுக்குத் தெரிவது அவ்வளவுதான். அந்த அறையின் வாயைச் சோப்புச் சேறு அடைத்துவிட்டால் அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். தொட்டி காலியாக இருந்தாலும் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று மெஷின் நம்பும். பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரோடு வேகமெடுக்கக் கூடாது என்பதால் ஸ்பின்னையும் தொடங்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான்.

போர்டு போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. குழாயைப் பார்க்காமல் போர்டை மாற்றினால், புது போர்டும் அதே பொய்யைத்தான் நம்பும்.

நீலா:
அந்தக் குழாயை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருகாணி:
பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் தொடங்குங்கள். பின்பக்கம் இருக்கும் ஓரிரண்டு திருகைக் கழற்றினால் பெரும்பாலான மெஷின்களில் மேல்மூடி பின்னால் நகர்ந்து வந்துவிடும். பக்கச் சுவரின் மேல்பகுதியில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் பொருள், மேலே வயர், கீழே மெல்லிய குழாய் இருந்தால் அதுதான் பிரஷர் ஸ்விட்ச். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சிலிருந்து குழாயை உருவிவிட்டு, தொட்டிப் பக்கம் போகும் முனையில் மெதுவாக ஊதுங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும்.

மலர்:
குறுக்கே வருகிறேன். குழாய் ஸ்விட்சில் மாட்டியிருக்கும்போது யாரும் ஊத வேண்டாம், பம்பு வைத்துக் காற்றடிக்கவும் வேண்டாம். உள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது, கிழிந்துவிடும். நான் செய்து பார்த்து, புது ஸ்விட்ச் வாங்கியவள்.

ராத்திரி ஷிஃப்ட்:
இதே இடத்தில் என் கேள்வியும். டாப் லோடு மெஷின், தண்ணீர் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகிறது. என்ன செய்யலாம்?

திருகாணி:
பின்னால் தண்ணீர்க் குழாய் மாட்டும் வாயில் சின்ன வலை இருக்கும். இடுக்கியால் இழுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அதன் பிறகும் மெதுவாக வந்தால், குழாயை வாளியில் விட்டு வேகத்தைப் பாருங்கள். வாளியும் மெதுவாக நிரம்பினால் குறை மெஷினில் இல்லை.

நீலா:
ஊதினேன். முதலில் கன்னம்தான் உப்பியது. பிறகு "பொளக்" என்று சத்தம், தடை விலகியது. மூடிவிட்டு ஸ்பின் போட்டேன், ஆறு வருடத்தில் இவ்வளவு அழகாக அது சுற்றிப் பார்த்ததில்லை! அனைவருக்கும் நன்றி.

நீலா:
நன்றியைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது துவைப்பில் மறுபடியும் அதேதான்.

திருகாணி:
எதிர்பார்த்ததுதான், முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஊதினால் அடைப்பில் ஓட்டை மட்டும்தான் விழும், சேறு அங்கேயே இருக்கும். காற்று அறையையே கழுவ வேண்டும். சில மெஷின்களில் அது தொட்டியின் பின்புறம் கீழே இருக்கும், சிலவற்றில் பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயோடு சேர்ந்திருக்கும். மெல்லிய குழாயைக் கையால் தொடர்ந்தே போனால் கொண்டுபோய் விட்டுவிடும். மெஷினைச் சாய்க்க வேண்டியிருந்தால் முதலில் மிச்சத் தண்ணீரை ஃபில்டர் வழியாக வடித்துவிடுங்கள், துணைக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலா:
இன்று அரை நாள் போனது. பின்தகட்டைக் கழற்றியதும் அறை தெரிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஜெல்லி போல ஒரு வஸ்து, நாற்றம் சொல்லி மாளாது. வெந்நீரும் ஊசியில்லாத சிரிஞ்சும் வைத்துத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அடித்தேன். குழாயையும் தனியாகக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். ஐந்து துவைப்பு ஆகிவிட்டது. தண்ணீர் போனதும் பம்ப் நிற்கிறது, டிரம் வேகமெடுக்கிறது. அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது?

திருகாணி:
சோப்பு அதிகம், சாஃப்ட்னர் அதிகம், எப்போதும் குளிர்ந்த நீரிலேயே துவைப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஜெல்லிதான். மாதம் ஒரு முறை துணி இல்லாமல், மெஷின் அனுமதிக்கும் அதிக சூட்டில் ஒரு முறை ஓடவிடுங்கள். 60 டிகிரிக்குக் குறைவாக வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். குழாயின் இரண்டு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்கிறதா? அங்கே காற்று கசிந்தால் கதை தலைகீழாகும். தண்ணீர் இருப்பதே தெரியாமல் மெஷின் நிரப்பிக்கொண்டே போகும்.

நீலா:
கீழ்முனையில் கிளிப் போடவே இல்லை! உங்கள் பதிலைப் பார்த்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். அது தரையில் வாளிக்குப் பின்னால் கிடந்தது. இப்போது மாட்டிவிட்டேன். ஒரு துவைப்பு முழுக்கக் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் வழக்கமான அளவில் நின்றது.