சின்ன கார், கடும் வெயில்: மாற்று டயர் எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என் ஹேட்ச்பேக் காருக்கு டயர் மாற்றலாமா வேண்டாமா என்று குழப்பத்தில் இருக்கிறேன். காரோடு வந்த டயர்கள்தான் இன்னும் ஓடுகின்றன. அளவு 165/80 ஆர்14, பக்கத்தில் 85டி (85T) என்று போட்டிருக்கிறது. ஆறாவது வருடம் நடக்கிறது. பட்டன் (தரையைத் தொடும் வரிப் பகுதி) இன்னும் நன்றாகவே இருக்கிறது, அளந்து பார்த்தால் 4 மி.மீ. ஆழம் வருகிறது. ஆனால் சைடுவாலில் (டயரின் பக்கச் சுவரில்), ரிம்முக்குச் சற்று மேலே, தலைமுடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் சுற்றிலும் தெரிகின்றன. கார் பெரும்பாலும் திறந்த வெளியில்தான் நிற்கும். கோடையில் 40 டிகிரி சாதாரணம், மழைக்காலத்தில் சாலையில் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் கொட்டும். நகருக்குள் ஓட்டுவதுதான் அதிகம், எப்போதாவது குடும்பத்தோடு நெடுஞ்சாலைப் பயணம்.

கேட்க நினைப்பது இதுதான்: பட்டன் இருக்கும்போதே மாற்ற வேண்டுமா? மாற்றினால் இதே அளவா, கொஞ்சம் அகலமானதா? நீண்ட நாள் உழைக்கும் கடினமான டயர் எடுத்தால் வெயிலுக்கு நல்லது என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

பதில் 1

மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். சூடான ஊர்களில் டயர் தேய்ந்து முடிவதைவிட வயதாகி முடிவதுதான் அதிகம். வெயிலின் புற ஊதாக் கதிர், ஓசோன், சூடு மூன்றும் சேர்ந்து ரப்பரை இறுக வைக்கின்றன. நெகிழ்வு போனபின் மடங்கும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும், நீங்கள் பார்த்த ரிம்முக்கு மேல் பகுதி அதுதான். மேலே தெரிவது முடி மாதிரி இருந்தாலும் உள்ளே அடுக்குகளுக்கு இடையே உள்ள ரப்பரும் அதே வயதுதான், அதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

டயர் நிறுவனங்கள் பலவும் சொல்வது, 5 வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் 10 வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்று. கார் நிறுவனங்கள் சில 6 வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நிழலே பார்க்காத காருக்கு நான் இந்த 6-ஐத்தான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு விஷயம், வயதைக் கார் வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போடாதீர்கள். சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுதாக இருக்கும், அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் காருக்கு அடியில் தலையை விட்டுத்தான் படிக்க வேண்டும். புது டயர் எடுக்கும்போதும் மாட்டுவதற்கு முன்னால் நான்கிலும் இதைப் படித்துவிடுங்கள்.

பதில் 2

அளவு பற்றி நான் சொல்கிறேன். 165 என்பது மி.மீ. அகலம், 80 என்பது சைடுவால் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 14 ரிம் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் உங்கள் டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. அகலப்படுத்த ஆசை இருந்தால் 185/70 ஆர்14 பொருந்தும், அதன் விட்டம் சுமார் 615. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, ஸ்பீடோமீட்டரில் தெரியவே தெரியாது. ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறதே என்று 175/65 ஆர்14 மாட்டிவிடாதீர்கள், அது சுமார் 583தான் வரும். கார் தாழ்ந்துவிடும், மீட்டர் உண்மையைவிட அதிக வேகம் காட்டும்.

அகலமாக்குவதில் லாபம் வளைவில் காரின் உறுதி, காய்ந்த சாலையில் கொஞ்சம் கூடுதல் பிடி. நஷ்டம் என்னவென்றால் ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், சின்ன எஞ்சினுக்கு இழுவையில் சோம்பல் தெரியும். சாலையில் தண்ணீர் நிற்கும் என்கிறீர்கள், அங்கே அகலமான டயருக்குச் சாதகமே இல்லை. ஒரே ரக டயரில் குறுகலானதுதான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும், அகலமானது சீக்கிரம் மிதக்கும். நகரத்துக்குள் ஓட்டும் சின்ன காருக்கு இதே 165 போதும் என்பதுதான் என் எண்ணம்.

எந்த அளவு எடுத்தாலும் 85டி என்பதற்குக் கீழே இறங்காதீர்கள். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்ற குறியீடு, டி என்பது 190 கி.மீ. வேகம் வரை. 190-இல் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்கலாம். பொதுவாக வேகக் குறியீடு கூடுகிறது என்றால் அந்தச் சூட்டைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள் என்று பொருள், வெயில் ஊரில் அது வீண் போகாது. டி-க்கு மேலான ஹெச் (H) கிடைத்தால் தாராளமாக எடுங்கள்.

பதில் 3

கடினமான டயர் வெயிலுக்கு நல்லது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சைடுவாலில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருந்தால் பாருங்கள், 300, 400, 500 என்று இருக்கும். எண் கூடினால் மெதுவாகத் தேயும் என்று கணக்கு. அந்த எண்ணைத் தன் டயரைச் சோதித்துப் போட்டுக்கொள்வது அந்தந்த நிறுவனமேதான், அதனால் ஒரு பிராண்டின் 400-ஐ இன்னொரு பிராண்டின் 500-உடன் ஒப்பிடுவதில் அர்த்தம் குறைவு. அதன் பக்கத்திலேயே ட்ராக்ஷன், டெம்பரேச்சர் என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அவைதான். ட்ராக்ஷன் ஈரச் சாலையில் நேராக பிரேக் பிடிக்கும்போது உள்ள பிடி: ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கி வெளியேற்றும் திறன்: ஏ, பி, சி. உங்கள் வெயிலுக்கு டெம்பரேச்சர் ஏ உள்ளதை எடுங்கள். ஈரத்துக்கு ஏ-க்குக் கீழே வேண்டாம்.

சொல்லப்போனால் வெயில் ஊரில் எல்லாரும் சூட்டையே யோசித்து மழையை மறந்துவிடுகிறார்கள். காய்ந்த சாலையில் சுமாரான டயர்கூடச் சமாளித்துவிடும். பல மாதம் காய்ந்து கிடந்த சாலையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்க, முதல் மழை பெய்த அரைமணி நேரத்தில்தான் டயரின் தரம் தெரியும். வெறும் உழைப்புக்காகக் கெட்டியாகச் செய்த விலை குறைந்த ரப்பர் அங்கேதான் வழுக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் 1990-களில் பரவலானதிலிருந்து ஈரப்பிடியும் மைலேஜும் ஒரே டயரில் கிடைக்கின்றன, சிலிக்கா கலவை என்று சொல்லி விற்கும் டயர்களை முதலில் பாருங்கள்.

அப்புறம், யாராவது குளிர்கால டயரையோ பழைய இறக்குமதி டயரையோ மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலை உருவத்துக்குள் பனிப்படிகம் வரைந்த குறி இருந்தால் அது பனிக்காகச் சோதித்த டயர். குளிர்கால ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே வேலை செய்யக் கலந்தது, 40 டிகிரியில் கொழகொழவென்று ஆகி வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் நீளும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. உள்பக்கம் குனிந்து படித்துப் பார்த்தேன், கார் வாங்கிய தேதிக்கும் ஐந்து மாதம் முன்னாலேயே தயாரான டயர்கள். ஆக, 6 தாண்டியாகிவிட்டது. அளவு 165 என்றே முடிவு செய்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். இப்போது முன்னால் இரண்டு மட்டும் மாற்றி, பின்னால் உள்ளதை ஆறு மாதம் கழித்து மாற்றலாமா? எஞ்சின் முன் சக்கரத்தைத்தானே இழுக்கிறது. இரண்டாவது, வெயில் காலத்தில் காற்று குறைவாக வைத்தால் டயர் வெடிக்காது என்கிறார்களே?

பதில் 4

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் ஆபத்தானது. தயவுசெய்து குறைக்காதீர்கள். டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் காற்று குறைவுதான். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் கையைச் சுடுமே, அதே கதைதான். வெளியே தார் 60 டிகிரிக்கு மேல், காருக்குள் ஐந்து பேர், பெட்டி முழுக்கச் சாமான், வேகம் 100 என்றால் அந்தச் சூடு போக இடமில்லாமல் ரப்பரும் உள்ளே உள்ள நூல் அடுக்கும் பிரிந்துவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள காற்றழுத்த (பிஎஸ்ஐ) அளவுதான் உங்களுடையது. டயரின் மேலேயே எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம், அதை நிரப்பக் கூடாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், வெயில் படாமல் இருக்கும்போது பாருங்கள். வெப்பம் ஏறக்குறைய 5.5 டிகிரி கூடினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ கூடும், அதனால் ஓட்டி நிறுத்தியதும் பார்த்தால் 4 பிஎஸ்ஐ வரை அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து பயந்து இறக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். மறுநாள் காலையில் டயர் ஆறியதும் அது காற்று குறைந்த டயர் ஆகிவிடுகிறது. முழுச் சுமையோடு போகும்போது எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அதே அட்டையில் தனியாக இருக்கும், அதைக் கவனியுங்கள். நைட்ரஜன் பற்றியும் யாராவது சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான், மாதம் ஒருமுறை அளவு பார்த்தால் போதும்.

இரண்டு மட்டும் மாற்றுவது பற்றி: உங்கள் நான்கும் ஒரே வயது, ஒரே வெடிப்பு. பின்னால் உள்ள இரண்டை மட்டும் எந்தக் கணக்கில் விட்டுவைப்பீர்கள்? நான்கையும் மாற்றுங்கள். வேறு ஒரு சமயம், நான்கும் இளசாக இருந்து இரண்டு மட்டும் தேய்ந்தால், அப்போது புது இரண்டைப் பின்னால்தான் மாட்ட வேண்டும், முன் சக்கர இழுவையாக இருந்தாலும். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழிக்கு வரும். பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது சாதாரண ஓட்டுநரால் ஆகாது.

பழைய டயரைக் கழற்றியதும் தூக்கி எறியாமல் அதன் பட்டனைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் நிறைய இருந்தால் இத்தனை நாள் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் அதிகக் காற்று. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை, அதைச் சரிசெய்யாமல் புது டயரை மாட்டினால் அதுவும் அப்படியேதான் போகும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ரப்பர் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், அதுவும் வெயிலில் விரிசல் விடும் பொருள்தான், ட்யூப்லெஸ் டயரில் அது கசிந்தால் மெல்ல மெல்லக் காற்று இறங்கும், பஞ்சர் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமப்படுத்துவது) போடுங்கள். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் மட்டும் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும்.

முதல் சில நூறு கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசும் வழவழப்பு மேலே இருக்கும், அது தேய்ந்து போகும்வரை முழுப் பிடி வராது, மழையாக இருந்தால் இன்னும் கவனம்.

கேள்வி கேட்டவர்

கழற்றியபோது தடவிப் பார்த்தேன், முன் இடது டயரில் உள் ஓரம் மட்டும் ரம்பம் மாதிரி ஒரு பக்கம் கூராக இருந்தது. அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுத்தேன். 165/80 ஆர்14, 85டி, டெம்பரேச்சர் ஏ, ட்ராக்ஷன் ஏ, நான்கும் தயாராகி நான்கு மாதத்துக்குள். டிக்கியில் உள்ள ஸ்டெப்னி ஒருநாளும் சாலையைத் தொட்டதில்லை, அதை என்ன செய்வது?

பதில் 1

அதற்கும் அதே வயதுதான். டிக்கிக்குள் வெளிச்சம் படாததால் மேலே வெடிப்பு தெரியாது, ஆனால் மூடிய பெட்டிக்குள் சூடு இருக்கிறது. இப்போதைக்கு அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாட்ட நேர்ந்தால் 80 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டி, அசல் டயரைச் சரிசெய்து உடனே மாற்றிவிடுங்கள். தேதியைப் படித்துப் பார்த்து, 10 வருடத்தைத் தொடுவதற்குள் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். அதில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பல கார்களில் அது குறைந்துதான் இருக்கும்.